மயானத்தில் எழுந்த சிரிப்பு: மௌனப்படக் காலமும் தமிழ் அவல நாடகப் பகடியும்

1. கேள்வி

மௌனப்படக் காலத்து நகைச்சுவையில் ஒரு தனிவகை உண்டு. மேடையில் மக்களை அழவைத்த பெருங்கதை ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். கதைமாந்தர், உடை, உச்சக்காட்சி எல்லாம் அப்படியே இருக்கும். பார்ப்பவர் மட்டும் அழுவதற்குப் பதில் சிரிப்பார்கள். சாப்ளின் 1915இல் 'கார்மென்' கதையை இப்படிக் கேலிப்படமாக்கினார். எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் 1920இல் ரோமியோவையும் ஜூலியட்டையும் பனி மூடிய மலைக்கிராமத்துக்குக் கொண்டுபோனார். 1922இல் வந்த 'பகல் கனவுகள்' படத்தில் பஸ்டர் கீட்டன் ஹாம்லெட் வேடத்தில் ஒருமுறை தோன்றிச் சிரிக்கவைத்தார்.

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன. தமிழ் மேடையில் அழவைக்கும் நாடகங்களுக்கும் குறைவில்லை: அரிச்சந்திரன், நல்லதங்காள், கோவலன், சத்தியவான் சாவித்திரி. ஆனால் அரிச்சந்திரனைக் கேலிசெய்யும் மௌனப்படமோ நல்லதங்காளைப் பகடிசெய்யும் மௌனப்படமோ தமிழ்ச் சினிமா வரலாற்றில் பேசப்படுவதில்லை. ஏன்? தமிழர்கள் தங்கள் அவலக் கதைகளைக் கேலிசெய்யத் துணியவில்லையா? அல்லது அந்தக் கேலி வேறோர் இடத்தில், வேறொரு வடிவத்தில் நடந்துகொண்டிருந்ததா?

பகடி இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். அது திரையில் இல்லாமல் மேடையில் இருந்தது. அவலநாடகம் நடந்த அதே கொட்டகையில், அதே இரவில் நடந்தது. அதன் குறியும் மேலைநாட்டுப் பகடியின் குறியிலிருந்து வேறுபட்டது. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து இதைப் பார்க்கலாம். நிரந்தரக் குழு இல்லாமல் ஒவ்வோர் இரவுக்கும் கலைஞர்களைத் தனித்தனியே வரவழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகம் இன்றும் கோயில் திருவிழாக்களில் நடக்கும் தென்மாவட்டப் பரப்பைச் சேர்ந்தது அது. மேடையைச் சுதந்திரப் போராட்டத்தின் கருவியாக்கிய ஒரு நடிகரும் அங்கேதான் பிறந்தார்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

தமிழ் நகைச்சுவையின் வரலாறு மூன்று வகையாக எழுதப்பட்டிருக்கிறது.

முதலாவது, திரைப்பட வரலாறு. 1931 அக்டோபர் 31இல் வெளியான 'காளிதாஸ்' படத்தோடு பேசும்படம் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் என்.எஸ். கிருஷ்ணன் வருகிறார், நகைச்சுவை பிறக்கிறது. இந்தப் பார்வையில் மௌனப்படக் காலம் நகைச்சுவைக்கு வெற்றிடம்.

இரண்டாவது, நாடகச் சீர்திருத்தக்காரர்களின் பார்வை. அவர்களுக்கு, மேடைக் கோமாளியான பபூன் ஒரு களங்கம். நல்ல நாடகத்தின் நடுவே புகுந்து கதையைக் கெடுப்பவன், கொச்சையாகப் பேசுபவன். அவனை நீக்கினால்தான் நாடகம் உயரும் என்று அவர்கள் நம்பினார்கள். இந்த நம்பிக்கையில் நியாயம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பபூன் காட்சிகளில் பெண்ணை இழிவுசெய்யும் பேச்சு நிறைய உண்டு.

மூன்றாவது, அண்மைக்கால ஆய்வுகள். சு. தியடோர் பாஸ்கரன் தமது நூல்களில், நாடக மேடையும் மௌனப்படமும் தேசிய இயக்கத்தோடு கொண்டிருந்த உறவை ஆவணங்களோடு காட்டினார். மதுரையை மையமாகக் கொண்டு ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடையே களப்பணி செய்த சூசன் சைசரின் நூல் 2005இல் வந்தது. பபூன் காட்சிகளைக் கதைக்கு வெளியே ஒட்டவைத்த துண்டுகளாக அவர் பார்க்கவில்லை. கலைஞர்கள் மீது சமூகம் சுமத்திய இழிவைக் கலைஞர்களே மேடையில் கையாளும் முறையாகப் பார்த்தார்.

இம்மூன்றும் தத்தம் அளவில் பயனுள்ளவை. எனினும், முன்னிரவில் சிரிக்கவைக்கும் பபூனுக்கும் பின்னிரவில் அழவைக்கும் அரிச்சந்திரன் மனைவி சந்திரமதிக்கும் என்ன உறவு என்பதை மேலும் விசாரிக்க இடமிருக்கிறது.

3. மேலைநாட்டுப் பகடி செய்தது என்ன?

ஒப்பிடுவதற்காக இரண்டு முடிவுக் காட்சிகளைப் பார்ப்போம்.

சாப்ளினின் 'கார்மென்' கேலிப்படத்தில் கதாநாயகன் காதலியைக் கத்தியால் குத்துகிறான். அவள் சரிகிறாள். அவனும் குத்திக்கொண்டு அவள்மேல் விழுகிறான். அதுவரை அந்தக் காட்சி உண்மையான அவலக் காட்சியைப் போலவே நடக்கிறது. பிறகு இருவரும் எழுந்து உட்காருகிறார்கள். குத்தினால் அலகு பிடிக்குள் போய்விடும் நாடகக் கத்தி அது என்பதைச் சாப்ளின் நமக்குக் காட்டுகிறார்.

லூபிட்ஷின் படத்தில் காதலர் இருவரும் சாகத் துணிந்து விஷம் வாங்கப் போகிறார்கள். மருந்துக்கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுகிறார். யாரும் சாகவில்லை; பகைத்திருந்த குடும்பங்கள் கூடிவிடுகின்றன.

இரண்டிலும் ஒரே வேலை நடக்கிறது. மேலை அவலநாடகத்தின் உயிர் அதன் முடிவில் இருக்கிறது. மரணம் மீளமுடியாதது என்பதால்தான் அது அவலம். அந்த மரணத்தையே பகடி ரத்துசெய்கிறது. இதற்குப் பேச்சு தேவையில்லை. ஒரு கத்தியும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும். கண்ணால் பார்த்தாலே புரியும் என்பதால் மௌனப்படத்துக்கு இது இயல்பான பொருளாக அமைந்தது.

இந்த உத்தி அரிச்சந்திரனிடம் செல்லாது. பாம்பு கடித்து இறந்த அவன் மகன் லோகிதாசன் கதையின் முடிவில் எழுந்துவிடுகிறான். சந்திரமதியின் கழுத்தில் ஓங்கிய வாள் மாலையாகிறது. தெய்வங்கள் காட்சி தருகின்றன; நாடு திரும்பக் கிடைக்கிறது. சத்தியவானும் எமனிடமிருந்து மீள்கிறான். கோவலன் மீளவில்லை, ஆனால் கண்ணகி தெய்வமாகிறாள். தமிழ் மேடையின் அவலக்கதைகள் பலவற்றில் மரணத்தைக் கதையே ரத்துசெய்துவிடுகிறது. அங்கே பகடிக்காரனுக்கு மிச்சம் இருப்பது என்ன? விரதம்தான். பொய் சொல்லமாட்டேன் என்ற உறுதி, கற்பு, வாக்கு, குலப்பெருமை. தமிழ்ப் பகடி குறிவைத்தது இவற்றைத்தான்.

4. திரை ஏன் மௌனமாக இருந்தது?

சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருந்து ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். வெளியான ஆண்டை 1916, 1917, 1918 என்று ஆய்வாளர்கள் வேறுவேறாகக் குறிப்பிடுகிறார்கள். இந்தக் கதையை அவருக்குப் பரிந்துரைத்தவர் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார். அடுத்து வந்தவை திரௌபதி வஸ்திராபகரணம், லவகுசா, மார்க்கண்டேயா முதலிய புராணப் படங்கள். தென்னிந்திய மௌனப்படங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. புனேயின் தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருக்கும் 'மார்த்தாண்ட வர்மா' போன்ற ஓரிரண்டே மிஞ்சியவை. எனவே திரையில் பகடி அறவே இல்லை என்று அடித்துச் சொல்வதற்கில்லை. பெரும்போக்கு எது என்பதைச் சொல்லலாம், அது புராணம்தான்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பக்தி. புராணப் படத்தைக் கும்பிட்டுப் பார்த்த கூட்டம் கேலியைப் பொறுக்காது என்பார்கள். இது பாதி உண்மைதான். அதே கூட்டம் நாடகக் கொட்டகையில் பபூனின் கேலியைக் கேட்டுச் சிரித்தது. ஆகவே பக்தி மட்டும் தடையாக இருந்திருக்க முடியாது. வேறு மூன்று காரணங்கள் எனக்குப் படுகின்றன.

முதற்காரணம் செவி. பகடிக்கு மூலம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்ப் பார்வையாளருக்குத் தெரிந்த அரிச்சந்திரன் பாட்டாலும் வசனத்தாலும் ஆனவன். சந்திரமதியின் புலம்பல் மெட்டில் கடன்காரனைப் பற்றிப் பாடினால் சிரிப்பு வரும். அந்த மெட்டு கேட்காத திரையில் பகடிக்கு ஆதாரமே இல்லை. மௌனப்படக் கொட்டகைகளில் கதை விளக்குபவர் ஒருவர் நின்று உரக்கச் சொல்வது உண்டு. ஆனால் ஊருக்கு ஊர் ஆள் மாறும், சொல்லும் மாறும். அந்தக் குரலை நம்பி ஒரு தயாரிப்பாளர் படம் எடுக்க முடியாது.

இரண்டாவது சந்தை. 1927–28இல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் விசாரணை நடத்திய இந்தியத் திரைப்படக் குழுவின் அறிக்கை, அன்று நாட்டில் திரையிடப்பட்ட படங்களில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்கப் படங்கள் என்று காட்டுகிறது. விழுவது, துரத்துவது, அடிவாங்குவது ஆகிய நகைச்சுவை அந்தச் சுருள்களில் வேண்டிய அளவு வந்துகொண்டிருந்தது. உள்ளூர்த் தயாரிப்பாளர் பணம் போட்டது வெளிநாட்டான் தரமுடியாத சரக்கில், அதாவது நம் புராணத்தில்.

மூன்றாவது காரணமே முதன்மையானது. பகடியை மேடை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தது. அரிச்சந்திரனைப் பார்க்கப் போனவருக்கு அன்றிரவே, அதே மேடையில் பபூனும் கிடைத்தான். தனியாக ஒரு கேலிப்படம் தேவைப்படவில்லை.

5. கரிசல் நாட்டு மேடை

மௌனப்படக் காலத்தில்தான் விருதுநகர், சிவகாசி வட்டாரம் இன்றைய உருவத்தைப் பெறத் தொடங்கியது. விருதுபட்டி 1923இல் விருதுநகர் ஆனது. 1922இல் பி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். அடுத்த ஆண்டு சிவகாசியில் தொழில் தொடங்கியது. பட்டாசும் அச்சும் அதன் வழியே வளர்ந்தன. வானம் பார்த்த பூமியில் கூலிப் பணம் புழங்கத் தொடங்கிய காலம் அது.

மேடையிலும் அது பெரிய காலம். தூத்துக்குடி காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள் தென்மாவட்டங்கள் முழுக்க நடந்தன. கம்பெனி நாடகத்தோடு ஸ்பெஷல் நாடகமும் பரவியது. இதில் நிரந்தரக் குழு கிடையாது. கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் கதாநாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாருக்கும் தனித்தனியே அட்வான்ஸ் கொடுக்கப்படும். ஒத்திகை கிடையாது. எல்லாருக்கும் சுவாமிகளின் பாடம் மனப்பாடம் என்பதால் மேடையில் சந்தித்தவுடன் நாடகம் நடக்கும்.

இரவு பத்து மணியளவில் பபூன் வருவான். தனியாகப் பேசுவான், பாடுவான், பிறகு டான்ஸ்காரப் பெண்ணோடு வாதாடுவான். கதை ஏறக்குறைய நள்ளிரவில்தான் தொடங்கும். விடியும்போது மயானத்தில் சந்திரமதி அழுதுகொண்டிருப்பாள். முன்னிரவில் சிரித்த ஊர் பின்னிரவில் அழும். இந்த வரிசை தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. பபூன் பேசும் பொருள்களைப் பாருங்கள்: கடன், கல்யாணம், புருசன் பெண்டாட்டி சண்டை, சாதி, சம்பளம். நாடகத்தின் பொருள்களும் இவையே. அரிச்சந்திரன் கதை முழுக்கக் கடன் கதை. விசுவாமித்திரருக்குக் கொடுக்க வேண்டிய பொருளுக்காக மனைவியை விற்கிறான், மகனை விற்கிறான், தன்னையும் விற்றுக்கொள்கிறான். முன்னிரவில் கடனைக் கேலியாகக் கேட்ட செவி, பின்னிரவில் கடனை அவலமாகக் கேட்கிறது. கேலி முதலில் வந்து அளவுகோலைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

நாடகத்துக்கு உள்ளேயும் சிரிப்பு உண்டு. கடனை வசூலிக்க விசுவாமித்திரர் அனுப்பும் நட்சத்திரேசன், காட்டு வழியில் அரசனைப் படுத்தும் பாடு கொடுமையும் வேடிக்கையும் கலந்தது. சந்திரமதியை விலைக்கு வாங்கும் காலகண்டரும் அவர் மனைவி காலகண்டியும் நகைப்புக்குரிய பாத்திரங்கள். மயானத்தில் கேட்கப்படும் கூலியைக் கவனியுங்கள்: கால் பணம், முழத் துண்டு, வாய்க்கரிசி. பெற்ற மகனின் பிணத்துக்கு அதே கூலியைக் கேட்கிறான் தகப்பன். பேரம் பேசுவது சந்தையில் நடந்தால் சிரிப்பு. சுடுகாட்டில் நடந்தால் நெஞ்சு வெடிக்கும். அவலமும் கேலியும் இங்கே ஒரே கல்லிலிருந்து செதுக்கப்பட்டவை.

நல்லதங்காள் கதை விருதுநகர் மாவட்டத்துக்கே உரியது. வத்திராயிருப்புக்கு அருகில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவளுக்கு, அண்ணி மூளி அலங்காரி பழைய கேழ்வரகையும் ஓட்டைச் சட்டியையும் பச்சை விறகையும் கொடுக்கிறாள். முடிவில் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள் நல்லதங்காள். ஓட்டைச் சட்டியும் பச்சை விறகும் மாமியார் மருமகள், நாத்தி கொழுந்தி கேலிப் பேச்சில் அன்றாடம் வரும் பொருள்கள். அவற்றையே சாவுக்கு இட்டுச்செல்லும் கருவிகளாக்கியது கதை. மூளி அலங்காரி மேடையில் கத்தும்போது சிரிப்பவர்கள், பிள்ளைகள் பசியால் அழும்போது அந்தச் சிரிப்புக்காக வெட்கப்படுகிறார்கள். இதைப் பகடி என்று தனித்துப் பெயரிட முடியாது. ஆனால் பகடியின் வேலை இங்கே அவலத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

6. சிவகாசியில் பிறந்த முருகவேடம்

எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்தார். திருமங்கலத்தில் வாழ்ந்தார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் மயில்மீது முருகனாக அமர்ந்திருந்தபோதே உயிர் துறந்தார். காந்தியால் ஈர்க்கப்பட்டுத் தேசியப் பாடல்களை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்றவர்.

அவர் மேடையில் புகழ்பெற்ற பாட்டு ஒன்று, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது. வெள்ளைக் கொக்குகள் பறப்பதைக் குழந்தைக்குக் காட்டுவதுபோல் அமைந்தது. கொக்கு யார் என்பது கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். போலீசுக்கும் தெரியும். வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கதைக்குள் வெள்ளைக் கொக்கு வந்திறங்குவது முற்றிலும் பொருத்தம். நாடகத்தின் ஒரு சொல்லையும் மாற்றாமல், நாடகம் வெள்ளைக்காரனைப் பற்றியதாகிவிடுகிறது. 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டம் எழுதிய நாடகத்தைத் தடைசெய்ய வழிவகுத்தது. மேடையில் திடீரென்று முளைக்கும் பாட்டுக்கு அது எப்போதும் பின்தங்கியே வந்தது.

இது அவலநாடகப் பகடி இல்லை. வள்ளி கதை காதல் கதை. ஆயினும் பகடியின் இயந்திரம் இதுதான்: எல்லாருக்கும் தெரிந்த பழங்கதையை அசையாமல் வைத்து, அதன் உள்ளே இன்றைய பொருளை நுழைப்பது. பபூன் சிரிப்புக்காகச் செய்ததை விஸ்வநாத தாஸ் சுதந்திரத்துக்காகச் செய்தார். இரண்டுக்கும் இடம்கொடுத்தது ஒத்திகையற்ற அதே ஸ்பெஷல் மேடை.

அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். முருகனாக வணங்கப்பட்ட அவரோடு சாதியின் பெயரால் நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். யார் யாரைக் கேலிசெய்யலாம் என்ற கேள்வி இதனால்தான் வெறும் கலைக்கேள்வியாக நிற்பதில்லை.

7. சந்திரஹரியும் கிந்தனாரும்

தமிழில் அவலநாடகத்தின் முழுமையான பகடி என்று தயக்கமின்றிச் சொல்லத்தக்கது பம்மல் சம்பந்த முதலியாரின் 'சந்திரஹரி'. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும் மாக்பெத்தை 'மகபதி' என்றும் தமிழாக்கியவர் அவர். பகடிசெய்ய நினைத்தபோது ஷேக்ஸ்பியரின் இளவரசனை அவர் எடுக்கவில்லை, அரிச்சந்திரனை எடுத்தார். அமலாதித்யனைச் சென்னைப் படிப்பாளிகள் அறிவார்கள். அரிச்சந்திரனை ஊரே அறியும்.

அரிச்சந்திரன் உயிர் போனாலும் பொய் சொல்லாதவன். சந்திரஹரி உயிர் போனாலும் மெய் சொல்லாதவன். இதில் அமைந்திருக்கும் நுட்பம் பெரிது. விரதம் அப்படியே நிற்கிறது. அதன் பொருள் மட்டும் தலைகீழாகிறது. பொய்யில் உறுதி காக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கும்போது, மெய்யில் உறுதி காத்தவனைப் பற்றியும் ஒரு கேள்வி எழாமல் போகாது. நாம் கும்பிட்டது மெய்யையா, பிடிவாதத்தையா? மனைவியையும் மகனையும் விற்றுக் காப்பாற்றும் வாய்மை யாருடைய செலவில் காப்பாற்றப்படுகிறது? தெய்வம் காட்சி தந்து மூடிவிடும் இந்தக் கேள்வியைப் பகடி திறந்து வைக்கிறது.

'சந்திரஹரி' திரைக்கு வந்தது 1941இல். ஏ.வி. மெய்யப்பனின் பிரகதி பிக்சர்ஸ் தயாரிப்பு, இயக்கியவர் கே.எஸ். மணி, என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்தார்கள். 'இழந்த காதல்' படத்தோடு இணைத்துக் காட்டப்பட்டது. ஒரே இரவில் அழுகையும் சிரிப்பும் என்ற கொட்டகை ஏற்பாடு ஒரே டிக்கெட்டில் திரைக்கு வந்துவிட்டது. அரிச்சந்திரனோ பால்கேயின் கையில் 1913இலேயே மௌனப்படமாகி, 1932இல் தமிழும் பேசிவிட்டான். அவனுடைய பகடி திரையேற இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. திரையில் அவனை முதலில் கேட்டுப் பழகிய பிறகே திரையில் அவனைக் கேலிசெய்ய முடிந்தது. செவியைப் பற்றி மேலே சொன்ன கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

அடுத்த படி 'கிந்தனார்'. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கதாகாலட்சேப வடிவத்தை எடுத்துக்கொண்டு, உடுமலை நாராயணகவியின் ஆக்கத்தில் என்.எஸ். கிருஷ்ணன் நடத்தியது; 1949இல் 'நல்லதம்பி' படத்திலும் இடம்பெற்றது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் படிப்பதற்குப் பட்டணம் போக ஏங்குகிறான். நந்தன் தீயில் இறங்கித் தூய்மை பெற்றபின்தான் கோயிலுக்குள் ஏற்கப்பட்டான். கிந்தன் படித்துத் தேறி ஊரின் மரியாதையைப் பெறுகிறான். சாப்ளின் மரணத்தை ரத்துசெய்ததுபோல் இங்கே தீ ரத்தாகிறது. ஆனால் இங்கே ரத்தாவது ஒரு நாடக உத்தி மட்டுமல்ல. ஒருவன் மனிதனாக ஏற்கப்பட எரிய வேண்டும் என்ற நிபந்தனையே ரத்தாகிறது.

8. பகடியின் திசை

பபூனைப் புனிதப்படுத்த இக்கட்டுரை எழுதப்படவில்லை. அரிச்சந்திரன் நாடகத்தில் சிரிப்புக்கு விடப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால் சங்கடம் வரும்: வாய் நீண்ட மனைவி, சுடுகாட்டுக் காவலன் வீரபாகு. அரசனின் துயரத்துக்குக் கண்ணீர் விட்ட கூட்டம், அவனை விலைக்கு வாங்கிய புலையனின் நடையையும் பேச்சையும் பார்த்துச் சிரிக்கப் பழக்கப்பட்டது. அரசன் சுடலை காப்பது அவலம். தலைமுறை தலைமுறையாகச் சுடலை காத்தவனின் வாழ்வு வேடிக்கை. டான்ஸ் மேடையேறும் பெண்ணுக்கும் இதே நிலைதான். கேலி அவள்மேல் முடிகிறது. இழிபெயரும் அவளோடு வீட்டுக்குப் போகிறது.

ஆகவே பகடியை மதிப்பிட, சிரிக்கவைத்ததா என்று கேட்பது போதாது. அந்தச் சிரிப்பு யாரைச் சிறுமைப்படுத்தியது என்றும் கேட்க வேண்டும். இந்த அளவுகோலில் 'சந்திரஹரி' வாய்மையின் பெருமிதத்தைச் சுருக்குகிறது. 'கிந்தனார்' சாதித் திமிரைச் சுருக்குகிறது. விஸ்வநாத தாஸின் பாட்டு பேரரசைக் கொக்கின் அளவுக்குச் சுருக்குகிறது. வீரபாகுவின் வேடிக்கையோ ஏற்கெனவே சிறுமைப்படுத்தப்பட்டவரை மேலும் சிறுமைப்படுத்துகிறது. நான்கும் ஒரே மேடை மரபின் பிள்ளைகள். இவற்றைப் பிரித்தறிவது ஆய்வாளரின் கடமை.

9. சான்றின் சாய்வு

இந்த வரலாறு ஏன் எழுதப்படவில்லை என்பதற்கும் விடை இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் நூலாக வந்தன. பபூனின் பேச்சு அச்சேறவில்லை. வாயோடு பிறந்து வாயோடு போனது. பாட்டுப் புத்தகத்தில் புலம்பல் இருக்கிறது, சிரிப்பு இல்லை.

மேடை ஓவியத்துக்கும் இதுவே நேர்ந்தது. நாடகக் கம்பெனிக்குச் சீன் திரை எழுதிவந்த சி. கொண்டையராஜு (1898–1976) 1940களில் கோவில்பட்டியில் தங்கினார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி நாடெங்கும் சுவரேறினார்கள். நாடக மேடையின் தெய்வீகப் பாதியைச் சிவகாசி அச்சிட்டு நிலைநிறுத்தியது. மேடையின் சிரிக்கும் பாதிக்கு அப்படி ஓர் அச்சு வாய்க்கவில்லை. வாய்த்தது நோட்டீஸ் ஒன்றுதான். திருவிழா நாடக நோட்டீசில் ராஜபார்ட்டோடு பபூனின் பெயரும் படமும் இருக்கும். யார் எந்த ஆண்டில் எந்த ஊரில் எந்தக் கதைக்குப் பபூனாக வந்தார் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது.

10. முடிவு

தமிழில் மௌனப்படக் காலம் நகைச்சுவையற்ற காலம் என்ற கூற்று நிற்காது. திரை மௌனமாக இருந்த ஆண்டுகளில் மேடை இரவு முழுவதும் சிரித்தது, அழுதது. அவலநாடகத்தின் பகடி அங்கே தனிப் படைப்பாக இல்லாமல் அவலத்தின் முன்னிரவாக இருந்தது. மரணத்தை விட்டுவிட்டு விரதத்தைக் கேலிசெய்தது. செவியை நம்பியதால் பேசும்படத்துக்காகக் காத்திருந்து, 1941இல் 'சந்திரஹரி'யாகத் திரையேறியது. என்.எஸ். கிருஷ்ணனைத் தொடக்கமாக எழுதும் வரலாற்றை, அவருக்கு முன்பு கொட்டகைகளில் நின்ற பெயர் தெரியாத பபூன்களிலிருந்து திருத்தி எழுத வேண்டும்.

அதற்குத் தாள் வேண்டும், குரல் வேண்டும். விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள், இன்று மேடையேறும் பபூன், டான்ஸ் கலைஞர்களின் காட்சிகளை அவர்கள் சம்மதத்தோடும் உரிய ஊதியத்தோடும் பதிவுசெய்யலாம். சிவகாசி அச்சகங்கள் தங்களிடம் மிஞ்சியிருக்கும் பழைய நோட்டீஸ் நகல்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடலாம். இதைப் படிக்கிறவர் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் திருவிழா நோட்டீஸ் கட்டோ பாட்டுப் புத்தகமோ இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். எழுதப்படாத அந்த வரலாற்றின் ஒரு பக்கம் அதில் இருக்கக்கூடும்.